சோதனைக்குழாய் முன் இருபது நிமிடம்

வடவங்காளத்து மால்டாவிலிருந்து மெட்ராஸ் திரும்பும் வழியில் கல்கத்தாவில் இறங்கியிருக்கிறோம். என் கணவருக்கு மூன்று மாதமாகக் காய்ச்சல் விடவில்லை, மண்ணீரல் வீங்கியிருக்கிறது. காலா அசாராக இருக்கலாம் என்கிறார் ஆஸ்பத்திரி டாக்டர். மணல் ஈ கடித்து வரும் அந்தக் காய்ச்சலைக் கவனிக்காமல் விட்டால் ஆளையே கொன்றுவிடுமாம்.

லேப்காரர் இரண்டு குழாய்களில் ஃபார்மலின் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விடுகிறார். ஒன்றில் என் கணவரின் ரத்தத்திலிருந்து பிரித்த நீர். மற்றது என் பக்கத்தில் நிற்கும் பெண்ணின் காலருகே உட்கார்ந்திருக்கும் மகளுடையது. இருபது நிமிடத்துக்குள் வெந்த முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி உறைந்தால், அந்த நோய்தான்.

"உறையக்கூடாதுன்னு வேண்டிக்கோ, தீதி," என்கிறேன், தெரிந்த வங்காளத்தில் அவளை அக்கா என்றழைத்து.

"ஐயோ, உறையணும் தீதி! ஆறு மாசமா என்ன நோய்னே யாருக்கும் தெரியலை. இதுக்காவது ஊசி இருக்கே!"

சற்று நேரத்தில் அவள் மகளின் குழாய் வெளுத்து உறைகிறது. அழுதுகொண்டே மகளைத் தூக்கிக்கொண்டு ஊசி அறைக்கு ஓடுகிறாள்.

எங்கள் குழாய் கடைசிவரை தெளிந்தே இருக்கிறது.

"இது காலா அசார் மாதிரி தெரியலை. வேற என்னன்னு பார்க்கணும்," என்கிறார் லேப்காரர்.

நான் வேண்டியதுதான் நடந்திருக்கிறது. வெளியே பெஞ்சில் காய்ச்சலோடு சாய்ந்திருக்கும் கணவரிடம் போகாமல், ஊசி அறையைப் பார்த்தபடி கதவருகிலேயே நிற்கிறேன்.