சூளைக்காரர் செய்த மழை ஜெபம்

சபையே மழை வேண்டிக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது, ஒரே ஒரு மனிதர் மட்டும் மழை வந்துவிடக் கூடாதென்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர்தான் செங்கல் சூளைக்காரர்.

அறுத்த கல் அத்தனையும் களத்தில் பச்சையாகக் காய்ந்துகொண்டிருந்தது. சூளையில் வேகும்வரை பச்சைக்கல் வெறும் மண்தான். ஒரு நல்ல மழை அடித்தால் எல்லாம் சேறு. போன வருஷமும் இப்படித்தான் கரைந்தது. இந்தத் தடவையும் போனால் சூளையை மூடிவிட்டு, மனைவியின் அண்ணனுடைய காய்கறித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போக வேண்டியதுதான். அந்த மச்சானிடம் கைகட்டி நிற்பதை நினைத்தாலே சூளைக்காரருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மச்சானுக்கோ தோட்டம் வாடிக் கிணறு வற்றியிருந்தது. முன்வரிசையில் நின்று தொண்டை கிழிய மழை கேட்பார். அந்தச் சத்தத்தில் வருகிற மேகமும் ஓடிப்போகும் என்று சூளைக்காரர் வீட்டில் கிண்டலடிப்பார். மனைவி சிரிக்கமாட்டார். பிறந்த வீட்டுக் கிணறாயிற்றே.

அந்தச் சபையில் வாரம் ஒரு வீட்டார் பொது ஜெபம் செய்ய வேண்டும். போயும் போயும் இந்த நேரத்தில் சூளைக்காரரின் முறை வந்து தொலைத்தது. கூட்டம் வாசல்வரை நிரம்பும், வெயிலுக்கு நிழல் வேண்டும் என்று அவருடைய தார்ப்பாயையும் கேட்டார்கள். கல்லை மூடுகிற பாய். வானத்தைப் பார்த்தார், பொட்டு மேகம் இல்லை. கொடுத்துவிட்டார்.

மழை கேட்க வாய் வரவில்லை. வேண்டாம் என்று சொன்னால் அடிக்க வருவார்கள். அதனால் இடியையும் மின்னலையும் படைத்தவரை வாயார நெடுநேரம் புகழ்ந்துவிட்டு, எல்லாம் உம்முடைய சித்தப்படியே ஆகட்டும் என்று முடித்தார். மழை என்ற சொல்லை மறந்தும் எடுக்கவில்லை. சபை ஆமென் சொன்னது. தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்.

கண்ணயர்ந்த நேரத்தில் வானம் இருட்டிவிட்டது. விழுந்தடித்து ஆலயத்துக்கு ஓடினார். எந்தப் புண்ணியவான் கட்டினானோ, தார்ப்பாயின் முடிச்சு அவிழ்வேனா என்றது. கொட்டும் மழையில் பாயை இழுத்துக்கொண்டு களத்துக்கு வந்தபோது மூடுவதற்குக் கல் இல்லை.

சேற்றில் நின்று வானத்தைப் பார்த்துக் கத்தினார். "ஊருக்கெல்லாம் தகப்பன். எனக்கு மட்டும் யாரு?"

பின்னாலேயே நனைந்துகொண்டு வந்த மனைவி சொன்னார்: "மழை கேக்குற கூட்டத்துக்குத் தார்ப்பாயைத் தூக்கிக் குடுத்தீங்க. அவர் தருவாருன்னு நீங்க நம்பவே இல்லையே."

அதைக் கேட்டதும் சூளைக்காரருக்குக் கோபம் இன்னும் ஏறியது.

அடுத்த வாரம் நன்றி ஆராதனை. சீடர்கள் இருந்த படகையும், இயேசு அதட்டியதும் ஓய்ந்துபோன புயலையும் பற்றிப் போதகர் பிரசங்கித்தார். மச்சான் தேம்பித் தேம்பி அழுதார். மறுநாள் அவருடைய தோட்டத்தில் களை வெட்டப் போக வேண்டிய சூளைக்காரர், கடைசி பெஞ்சில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வாசலில் போதகர் அவர் கையைப் பிடித்து, ஆண்டவர்மேல் இன்னும் கோபமா என்று மெல்லக் கேட்டார். சூளைக்காரர் மறைக்கவில்லை.

"காத்து அடங்குச்சு, கடல் அடங்குச்சுன்னு சொன்னீங்க, ஐயா. நான் இன்னும் அடங்கலை. என்னையும் ஒரு தடவை அதட்டச் சொல்லுங்க."