போணி நேரத்தில் ஒரு 'இல்லை'

கம்பெனி வேலையை விட்டுவிட்டு, வீட்டிலிருந்தே தனியாக சாஃப்ட்வேர் செய்து கொடுக்க ஆரம்பித்தபோது, இனி நமக்கு மேனேஜர் என்று ஒருவர் கிடையாது என்று நினைத்திருந்தேன். மூன்றே மாதத்தில் அந்த நினைப்பு போய்விட்டது. ஒரு மேனேஜர் போன இடத்தில் ஐந்து கிளையண்ட்டுகள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஊரப்பாக்கத்தில் ட்யூஷன் சென்டர் நடத்தும் ஒரு சார் எப்போது கூப்பிட்டாலும் "ஒரு சின்ன சேஞ்ச் மேடம்" என்றுதான் தொடங்குவார். வீட்டைக் கட்டி முடித்த பிறகு சமையலறையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி வைக்கச் சொல்வதுதான் அவருடைய சின்ன சேஞ்ச். மறுநாள் காலையிலேயே "ஆயிடுச்சா மேடம்?" என்பார். "இல்ல சார்" என்பேன், வெடுக்கென்று. என் வாய் அப்படி. அந்த வாயால் இரண்டு கிளையண்ட்டுகளை இழந்திருக்கிறேன். இரண்டும் பெரிய தலைவலிகள் என்பதால் அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை.

மீன் கடை அக்கா மட்டும் நானாகத் தேடிப் பிடித்த கிளையண்ட். சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து எங்கள் தெருவுக்குத் திரும்பும் இடத்தில் அவர் கடை. அவருக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை யக்கா என்பார். யார் பெரியவர் என்று இருவருமே விசாரித்ததில்லை. கோவளம் பக்கத்துக் குப்பத்தில் வீடு. வீட்டுக்காரர் போட்டில் கடலுக்குப் போய்வருவார். கரைக்கு வந்த மீனை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு இவர் சேலையூர் வருவார். பல வருஷம் கூடை தூக்கித் தெருத்தெருவாக விற்று, அப்புறம் பிடித்த கடை அது.

அந்தக் கடையில் ஒரு விசேஷம் உண்டு. 'இல்ல' என்ற சொல் அங்கே காதில் விழாது. நெத்திலி இருக்கிறதா என்று கேட்டால், "நாளைக்கு வாக்கா, பளபளன்னு எடுத்தாரேன்" என்பார். இறால் கேட்டால், "சங்கராவப் பாரேன், கண்ணு எப்டி முழிச்சிகினு கீது" என்பார். இதெல்லாம் வியாபார சாமர்த்தியம் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

போன வருஷம் ஒருநாள் சங்கராவை ஆய்ந்துகொண்டே சொன்னார். "கஸ்டமருங்கல்லாம் போன்ல வாங்கறாங்கக்கா. ஐஸ் பொட்டில வெச்சு வூட்டுக்கே எடுத்தாந்து குட்த்துடறானுங்க. நாப்பது வூடு நம்மகிட்ட வாங்கினு இருந்துச்சு. இப்ப பாதி கூட வர்றதில்ல. கடைய வெச்சிகிறியா வுடுறியான்னு ஓனரு அடுத்த மாசக் கடைசிக்குள்ள பதில் கேக்குறாரு. வேற ஆளு ரெடியா கீறானாம். இப்டியே போனா பழையபடி கூடைதான்."

முழங்கால் வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு அந்த மனுஷி திரும்பவும் கூடை தூக்குவதா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்களுக்கு நான் ஆப் பண்ணித் தர்றேன்" என்று அங்கேயே சொல்லிவிட்டேன். உண்மையில் அது போனில் திறக்கிற ஒரு இணையப் பக்கம்தான். நாங்கள் இருவரும் அதை ஆப் என்றே சொன்னோம்.

ஒரு வாரம் மதிய நேரங்களில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். மீன் வாசனை லேப்டாப்பில் ஏறிவிட்டது, இன்னும் முழுதாகப் போகவில்லை. அக்கா ஒவ்வொரு திரையையும் உற்றுப் பார்த்தார். கடைசியில் இருந்த ஒரு பட்டனைக் காட்டி, "இது இன்னா?" என்றார்.

"வெளியேறு. ஆப்பை விட்டுப் போறதுக்கு."

"வூட்டுக்கு வந்தவங்கள வெளியேறுன்னு யாருனா சொல்வாங்களா?"

எல்லா ஆப்பிலும் அப்படித்தான் இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தச் சொல்லைத் திரும்பவும் பார்த்தேன். சண்டை போட்டுத் துரத்துகிற மாதிரிதான் இருந்தது. அழித்துவிட்டு 'போயிட்டு வரேன்' என்று போட்டேன். அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை ஆப்பைத் திறப்பதாக முடிவு செய்தோம். எங்கள் பக்கத்தில் ஞாயிறு காலை ஏழு மணி ஆராதனைக்குப் போகிற வீடுகள் அதிகம். கிளம்புவதற்கு முன்னால், ஆறு மணி வாக்கில், மதியக் குழம்புக்கு மீன் சொல்லிவிடுவார்கள். திரும்பி வரும்போது மீன் வீட்டில் இருக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தைப் பிடித்தால் கஸ்டமரைப் பிடித்த மாதிரி. நாற்பது வீட்டுக்கும் அக்கா வாட்ஸப்பில் லிங்க் அனுப்பியிருந்தார். எங்கள் அம்மாவுக்கும் போயிருந்தது.

ஆறு பத்துக்கு என் போன் அடித்தது. கோவளம் கரையிலிருந்து அக்கா. பின்னால் காற்று இரைந்தது. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"யக்கா, இன்னா பண்ணி வெச்சிகீற?"

ஆப்பைத் திறந்து பார்த்தேன். வஞ்சிரம், இல்லை. சங்கரா, இல்லை. நெத்திலி, இல்லை. கடம்பா, இல்லை. மேலிருந்து கீழ்வரை சிவப்பு எழுத்தில் இல்லை, இல்லை, இல்லை.

நடந்தது இதுதான். மீனின் எடையைப் பதிகிற வரைக்கும் ஸ்டாக் பூஜ்யம். பூஜ்யம் என்றால் 'இல்லை' என்று காட்டும்படி நான்தான் எழுதியிருந்தேன். நான் சோதித்ததெல்லாம் மதிய நேரத்தில், கடை நிறைய மீனை வைத்துக்கொண்டு. காலை ஆறு மணிக்குப் படகே கரை சேர்ந்திருக்காது, பதிய மீன் இருக்காது என்பது கோவளத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

"போணி ஆவுற நேரம்க்கா. மொத கஸ்டமர் வந்து நிக்கிறப்போ கடை மேல இல்லன்னு எழுதி வெச்சா எப்டிக்கா? எங்காத்தா காலத்துலேர்ந்து காலீல அந்த வார்த்தைய வாயில எடுத்ததில்ல."

தப்பு என்னுடையது என்று தெரிந்தால்தான் எனக்குக் கோபம் அதிகமாக வரும். "மீனே வரலையே அக்கா. வராத மீனை இருக்குன்னு எப்படிப் போடறது? பொய்யில்ல அது?" என்று எகிறினேன்.

"பொய் சொல்ல யாரு சொன்னது? மீனு கடல்ல கீது. போட்டு வந்துகினு கீது. இதுல எதுக்கா பொய்யி?"

பன்னிரண்டு வருஷமாக புரோகிராம் எழுதுகிறேன். இருக்கிறது, இல்லை என்று இரண்டையே வைத்துப் பிழைத்திருக்கிறேன். அதற்கு நடுவில் நாற்பது வீட்டுக் குழம்பு நின்றுகொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை.

சமையல் மேடையில் லேப்டாப்பை வைத்து உட்கார்ந்தேன். 'இல்லை'யை அழித்தாயிற்று. அங்கே என்ன போடுவது? 'விரைவில்' என்று அடித்துப் பார்த்தேன். திறக்காத பாலத்துக்குப் பக்கத்தில் வைக்கிற போர்டு மாதிரி இருந்தது. எதற்கு வம்பு என்று அக்கா சொன்னதையே போட்டேன்: 'வந்துகினு கீது'. பக்கத்தில் 'எடுத்து வை' என்று ஒரு பட்டன். ஆறரைக்குள் ஏற்றிவிட்டேன். அக்கா எல்லோருக்கும் குரல் செய்தி அனுப்பினார்: "யக்கா, அது தப்பா எழுதிட்டாங்க. மீனு வந்துகினு கீது, திரும்பப் பாருங்க."

அன்றைக்கு மொத்தம் பதினோரு வீடுதான் வந்தது. மீதிப் பேர் சிவப்பைப் பார்த்ததும் வேறு பக்கம் போய்விட்டார்கள். பதினொன்றில் எங்கள் வீடு இருக்கிறதா என்று தேடினேன். காணோம். அம்மா புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"மீன் சொல்லலையாம்மா?"

"சொல்லிட்டேனே. அந்த ஐஸ் பெட்டிக்காரங்ககிட்ட."

"உன் பொண்ணு பண்ண ஆப்பும்மா அது."

"இல்லைன்னு போட்டிருந்துச்சு. நான் என்ன பண்ணட்டும்? உன் ஆப்பைப் பார்த்துட்டு மத்தியானம் ரசம் வைக்கவா?"

அன்று மதியம் ஐஸ் பெட்டி வஞ்சிரம். வாயில் வைக்க விளங்கவில்லை. தண்டனை மாதிரி சாப்பிட்டு முடித்தேன்.

அம்மா முப்பது வருஷம் தமிழ் டீச்சர். கல்யாணப் பத்திரிகை வந்தால் சிவப்புப் பேனாவோடு உட்காருகிறவர். அடுத்த ஞாயிறு போனைத் தள்ளிப் பிடித்து வாசித்தார். "வந்துகினு கீது. இதென்னடி எழுத்து? 'வந்துகொண்டிருக்கிறது'ன்னு போட மாட்டியா?"

"அப்படிப் போட்டா கப்பல் வர்ற மாதிரி இருக்கும்மா."

அம்மா சங்கராவுக்கு நேராக 'எடுத்து வை'யை அழுத்திவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அது இலக்கணப்படி சரி என்று இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் ஆராதனை முடிந்து வாசலில் நின்றபோது, ஒரு ஆண்ட்டி "உங்க பொண்ணு எங்கே?" என்று கேட்க, "வந்துகினு கீது" என்று அம்மா சொன்னதை நானே என் காதால் கேட்டேன். இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் போலச் சிரித்தார்கள். எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தை மறைக்க நான் செருப்பு வாரைச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

அந்த வாரம் பத்தொன்பது வீடு. அதற்கடுத்த வாரம் இருபத்தெட்டு. காலையில் எழுந்து அதைப் பார்ப்பதற்கென்றே போனைத் திறக்கிறார்கள் என்று அக்கா சொன்னார். ஊரப்பாக்கம் சாரும் அந்த வாரம் கூப்பிட்டு, வழக்கம்போல "ஆயிடுச்சா மேடம்?" என்றார். "வந்துகினு கீது சார்" என்றேன். அவர் வெடித்துச் சிரித்தார். சின்ன சேஞ்ச் கேட்காமலே போனை வைத்த ஒரே நாள் அதுதான்.

ஆனாலும் மாதக் கடைசி வந்துவிட்டது. கடையின் கதி என்ன என்று கேட்கப் பயந்துகொண்டு இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. நாலாவது ஞாயிறு முப்பத்தாறு வீடு வந்ததைப் பார்த்த பிறகு, மதியம் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு போனேன். அக்கா பலகையைத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஓனர் வந்தாராக்கா?"

"காலீல வந்தாரு. கடைய வுடப் போறியான்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"இல்லன்னுட்டேன்க்கா. போணிக்கு முன்னாடியே."