சின்ன வெங்காய லாரி

ஐ.டி. கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்த சமயம், கணவர் வேலைக்காக ஹைதராபாத் ஹப்சிகுடாவில் குடியிருந்தோம். சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் அங்கே குதிரைக்கொம்பு. வியாழக்கிழமை மார்க்கெட்டுக்குத் திண்டுக்கல் பக்கமிருந்து ஒரு லாரி வரும். எங்கள் அபார்ட்மென்ட் தமிழ்க் குடும்பங்கள் எல்லோருக்கும் சேர்த்து நான்தான் போய் வாங்கி வருவேன்.

டிரைவர் அண்ணன் பேசுவதை வேடிக்கை பார்க்கவே போகலாம். எடை, விலை, டீசல், செக்போஸ்ட் எல்லாவற்றையும் தெலுங்கிலும் ஹிந்தியிலும் வெளுத்து வாங்குவார். "நக்கோ பாய், நக்கோ!", வேண்டவே வேண்டாம் என்று மண்டிக்காரரையே மடக்குவார். ஆட்டோக்காரரிடம்கூடக் கையை ஆட்டிப் பேசுகிற எனக்குப் பொறாமையாக இருக்கும்.

அன்றைக்குப் போனபோது லோடு இறங்கிக்கொண்டிருந்தது, அவரைக் காணோம். மண்டிக்காரர் லாரிக்குப் பின்னால் கையைக் காட்டினார். சாக்கின் மேல் சுருண்டு கிடந்தார் மனுஷன். பக்கத்தில் பாதி குடித்த சோடா. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். "நெஞ்சுல பாறாங்கல்லைத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு தங்கச்சி. இடது கை மரத்துப் போச்சு. விடிஞ்சதுல இருந்து சொல்றேன், இவங்களுக்குப் புரியல."

நான் நெஞ்சைத் தட்டிக்காட்டி, "ஹார்ட், ஹார்ட்" என்று கத்தினேன். மண்டிக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. "அய்யோ, கேஸ் அனுகுன்னாம் அம்மா!" வாயுத்தொல்லை என்று நினைத்து அவர்தான் சோடா வாங்கிக் கொடுத்திருக்கிறார். நல்ல மனுஷர்தான். தானே தூக்கி ஆட்டோவில் ஏற்றினார். வருஷக்கணக்காக வந்துபோன ஊரில் டிரைவர் அண்ணனிடம் வியாபாரத்துக்கு வேண்டிய சொல்லெல்லாம் இருந்தது. உடம்புக்கென்று ஒரு சொல்கூட இல்லை.

"வீட்டுக்கு இப்ப சொல்ல வேணாம், பயந்துருவா" என்றார் ஆட்டோவில். அப்புறம் பேசவில்லை. ஆஸ்பத்திரியில், கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கலாமே என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

அவர் மனைவிக்குத் தமிழில் சொல்ல என்னை விட்டால் ஆளில்லை. போனில் அலறி ஓய்ந்தபிறகு அவள் கேட்டது ஒன்றுதான். "நம்ம பேச்சு பேசுற ஆளு யாராச்சும் கூட இருந்தாங்களாக்கா?"

"நான் இருந்தேம்மா" என்றேன். எப்போதிலிருந்து என்று அவள் கேட்கவில்லை.

மறுநாளே பக்கத்து வீட்டம்மாவிடம் தெலுங்கு படிக்க உட்கார்ந்தேன். நான் கேட்ட முதல் சொல் 'நொப்பி'. வலி என்று அர்த்தம். இன்றைக்கும் எந்தப் புது ஊருக்குப் போனாலும், விலை கேட்கக் கற்றுக்கொள்வதற்கு முன்னால், வலிக்கிறது என்று சொல்லத்தான் கற்றுக்கொள்கிறேன்.