குணா அண்ணே தோற்ற ஆட்டங்கள்

குணா அண்ணே போய்விட்டார்.

இன்று காலை, ஈப்போ ஆஸ்பத்திரியில். குரூப்பில் மெசேஜ் வந்தபோது நான் பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். காசைக் கொடுத்துவிட்டு மீனை அங்கேயே மறந்து வந்துவிட்டேன்...

பழைய டைல்ஸ் ஃபேக்டரி ஆட்களுக்கு அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக... அவர் எங்கள் ஃபோர்க்லிஃப்ட் டிரைவர், நான் ஸ்டோர் கிளார்க். ஒரு மூலைகூட உடையாமல் டைல்ஸை இறக்குகிற கை அவருக்கு.

மதியச் சாப்பாடு முடிந்ததும் கேன்டீனில் டாம் ஆடுவோம். பலகையில் கட்டம் போட்டு, போத்தல் மூடிகளைக் காயாக வைத்து ஆடுகிற அதே டாம்தான். என் மூடி ஆரஞ்சு, அவர் மூடி பச்சை.

எத்தனையோ வருஷம் ஆடினோம். ஒரு ஆட்டம்கூட எனக்கு விட்டது கிடையாது. ஜெயித்துவிட்டு என் காப்பியையும் எடுத்துக் குடிப்பார், படுபாவி.

ஆனால் வீட்டில் கதையே வேறு. மகள் ஷாமினியிடம் மட்டும் தோற்றுக்கொண்டே இருப்பார்.

எங்கள் டாமில் ஒரு சட்டம் உண்டு. வெட்ட வேண்டிய காயைப் பார்க்காமல் விட்டால், உன் காய் போச்சு. அவர் மகளுக்காக வேண்டுமென்றே பார்க்காமல் விடுவார். அவள் அவருடைய காயைத் தூக்கியதும் நெற்றியில் அடித்துக்கொண்டு, "அலாமாக்! அப்பா பாக்கலையே மா!" என்பார்.

எனக்கு இது பிடிக்காது. என் வீட்டில் யாரும் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. என் மகன் சின்ன வயதில் கேரம் போர்டு முன்னால் அழாத ஞாயிற்றுக்கிழமை இல்லை.

"பிள்ளைக்கு இப்படி விட்டுக்கொடுத்தா எப்படிண்ணே? வெளிய போனா எவன் விடுவான்?" என்று ஒருநாள் சண்டைக்கே போய்விட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "எங்கப்பா ஒரு ஆட்டம்கூட விட்டதில்ல லா தம்பி. சுங்காய் பக்கம் ரப்பர் எஸ்டேட்டுல, பால் மரம் சீவிட்டு வந்து உக்காந்தாருன்னா என்னை அடிச்சி நொறுக்கிருவாரு. இன்னிக்கு ஜெயிச்சிருவேன், நாளைக்கு ஜெயிச்சிருவேன்னே இருந்தேன்... ஒரு நாளு வேலைக்குப் போன மனுசன் மரத்தடியிலயே போய்ட்டாரு. இப்ப யார்கிட்ட போய் ஜெயிக்கிறது, சொல்லு?"

"காய அடுக்கு லா" என்றார். அன்றும் நான்தான் தோற்றேன்.

அப்பா விட்டுக்கொடுக்கிறார் என்பது ஷாமினிக்குச் சின்ன வயதிலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் ஆட்டத்தை விடவில்லை. சிலிம் ரிவர் ஸ்கூலுக்கு டீச்சராகப் போன பிறகும் வாரக் கடைசியில் வந்து அவரோடு உட்கார்ந்துவிடுவாள். அவர் விடுவார், அவள் எடுப்பாள், இரண்டு பேரும் சேர்ந்து "அலாமாக்!" என்று கத்துவார்கள்.

போன தீபாவளிக்கு நான் போயிருந்தேன். அவர் ரிட்டையர் ஆகி வீட்டோடு இருந்தார். முறுக்கைக் கடித்துக்கொண்டே ஒரு ஆட்டம் போட்டோம்... நான் ஜெயித்துவிட்டேன்!

பலகையின் இடது ஓரத்தில், இந்தா வெட்டிக்கோ என்று என் காய் ஒன்று நின்றது. அவர் பார்க்கவே இல்லை. நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து குதித்தேன். போட்டோ எடுத்து குரூப்பில் போட்டேன், நீங்களெல்லாம் சிரித்து லைக் போட்டீர்கள்.

"இப்பல்லாம் எல்லாருக்கும் விட்டுக்கொடுக்க ஆரம்பிச்சிட்டாரு. காரோட இடது கண்ணாடியகூட வாசல் கேட்டுல இடிச்சி, அதுக்கும் விட்டுக்கொடுத்துட்டாரு" என்றார் அவர் மனைவி ராணி அக்கா.

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். "அலாமாக்... பாக்கலையே" என்றார்.

தலைக்குள் கட்டி என்று தெரிந்தது தைப்பூசம் முடிந்த பிறகுதான். இடது பக்கப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது, ரொம்ப நாளாகவே இருந்திருக்கும் என்றார் டாக்டர். ஆபரேஷன் செய்கிற கட்டமும் தாண்டிவிட்டதாம்.

வார்டில் தட்டில் பாதிச் சோறுதான் சாப்பிடுவார். மீதிப் பாதி அவர் கண்ணில் படாது. ஷாமினி தட்டைத் திருப்பி வைப்பாள், அவர் அதையும் சாப்பிடுவார். நான் கட்டில் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்... வேறு என்ன செய்ய முடியும்?

இன்று அவர் வீட்டில் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் ஷாமினி உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. என்னைப் பார்த்ததும் கேட்டாள்.

"அங்கிள்... எந்த ஆட்டத்துல இருந்து அப்பா உண்மையாவே பாக்கலை?"

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வாராவாரம் வந்தேன் அங்கிள். நேர் எதிர்லதான் உக்காந்திருந்தேன். பாக்கலையே மான்னு அவரே சொன்னாரு... நான் சிரிச்சேன்."

"அப்படியெல்லாம் நினைக்காத மா" என்று வாய் வரைக்கும் வந்தது. அத்தனை வருஷம் கேன்டீனில் அவருக்கு எதிரில் உட்கார்ந்தவன் நான். தீபாவளி அன்று எனக்கே தெரியவில்லையே.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தும் ஒன்றும் ஓடவில்லை. அதனால்தான் இங்கே வந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நாளை மதியம் எடுக்கிறார்கள். முடிந்தவர்கள் வந்துவிடுங்கள். அந்தப் பிள்ளைக்குச் சொல்ல யாரிடமாவது ஒரு பதில் இருந்தால், கொண்டு வாருங்கள்... என்னிடம் இல்லை.

போய்ட்டு வாங்கண்ணே. தீபாவளி ஆட்டம் செல்லாது. உங்கள நான் இன்னும் ஜெயிக்கல.