ராக்கையின் மறுபக்கம்

வெள்ளவத்தையில் கடற்கரை ரயில் போனால் எங்கள் மாடிவீட்டு ஜன்னல் மட்டும்தான் கொஞ்சம் அதிரும். நேற்று மாலை நானும் கணவரும் வாக்குவாதப்பட்டுக்கொண்டிருந்தபோது ரயில் வந்தது. நான் பேச்சை நிறுத்திவிட்டு, சுவரோடு பதித்த அலுமாரியைப் பிடித்துக்கொண்டேன்.

நான் வளர்ந்தது கொட்டாஞ்சேனைப் பக்கம், கொன்டெய்னர் லொறிகள் ஓடும் வீதிக்கும் துறைமுகத்து ரயில் பாதைக்கும் நடுவில் ஒரு தோட்டத்தில். தோட்டம் என்று பெயரே தவிர எல்லாம் பலகை வீடுகள். ஒரு செடி வைக்க இடமில்லை. பஸ் கொண்டக்டருக்கே அந்த இடம் தெரியாது. பக்கத்துச் சீமெந்து ஸ்டோரின் பெயரைச் சொல்லித்தான் இறங்குவோம். சரக்கு ரயில் வந்தால், பீங்கான்கள் விழாமல் ஒவ்வொரு வீட்டிலும் யாராவது அவற்றை அடுக்கிவைத்த பலகைத் தட்டை, ராக்கையை, பிடித்துக்கொள்வார்கள். கதையும் சண்டையும் அதுவரை நிற்கும். ரயில் போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடரும்.

ஒருநாள் அப்பா அம்மாவோடு கோபித்துக்கொண்டு பையைத் தூக்கினார். "போறதுன்னா ஒரேயடியா போயிருங்க" என்று அம்மா சொல்லும்போதே வீடு ஆடத் தொடங்கியது.

"கோச்சி வருது. அந்தப் பக்கம் புடிங்க" என்றார் அம்மா.

அப்பா பையைக் கீழே வைத்துவிட்டு ராக்கையின் மறுபக்கத்தைப் பிடித்தார். எண்ணெய் ஏற்றிய ரயில் பெட்டிகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள். சத்தம் அடங்கியபின், அன்று மட்டும் யாரும் விட்ட இடத்திலிருந்து தொடங்கவில்லை.

"தேத்தண்ணி ஊத்தவா?" என்று அம்மா கேட்டார்.

"ஏன் அலுமாரியப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறீர்?" என்று நேற்று ரயில் சத்தத்துக்கு நடுவில் கேட்டார் கணவர்.

"மற்றப் பக்கத்த நீங்க பிடிங்க" என்றேன்.