பௌர்ணமியன்று வெடித்த டயர்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது, டிராக்டர் கைவிடவில்லை. இன்று என் கொட்டகையில் நிற்கும் வண்டிகள் அத்தனையும் நான் ஓட்டிச் சம்பாதித்தவை. டிரெய்லர் டயரை ஸ்பேனரால் ஒரு தட்டு தட்டினால் போதும், காற்று ஜாஸ்தியா கம்மியா என்று சொல்லிவிடுவேன். எனக்கு ஈடாக இன்னொருவன் இந்த ஜில்லாவில் இருந்தால் வரட்டும், பார்ப்போம்.

தொண்ணூறுகளில் ஒரு பௌர்ணமி. செங்கம் பக்கத்து அக்கா ஒருவரின் கரும்பை ஏற்றிக்கொண்டு, திருவண்ணாமலைக்கு அந்தப் பக்கம் இருந்த ஆலைக்குக் கிளம்பினேன். கிரிவலக் கூட்டத்துக்காகப் போலீஸ் மதியத்துக்கு மேல் சாலையை அடைத்துவிடும். அப்புறம் மறுநாள்தான் வழி. வெட்டிய கரும்பு வெயிலில் நின்றால் சாறு வற்றிப் போகும். ஒரு வருஷத்துப் பாடு அது. அக்காவும் மட்கார்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

ரமணாசிரமத்தை நெருங்கும்போது டிரெய்லரின் பின்டயர் வெடித்தது. ஸ்டெப்னியைக் காலையிலேயே மாட்டியாயிற்று.

“இன்னாப்பா, கோயில் அதிர்வேட்ட இங்கியே போட்டுட்டியா?” என்றார் பந்தோபஸ்து போலீஸ்காரர். “ஓரங்கட்டி கரும்ப எறக்கு.”

“எறக்கறதுக்கா ஏத்தினேன்? இதோ போய்டறேன் சார்.”

ஜாக்கி வைத்துக் கழற்றினேன். டயரின் பக்கவாட்டில் கிழிசல். பக்கத்துப் பஞ்சர் கடையில் கிடந்த பழைய டயரில் ஒரு துண்டு வெட்டி, கிழிசலுக்கு உள்ளே அண்டை கொடுத்து, சீட்டுக்கடியில் இருந்த மாற்று டியூபைப் போட்டேன். கடையில் கரண்ட் இல்லை, காற்றடிக்கும் மிஷின் ஓடாது. கைப்பம்புதான். என் கை ஓய்ந்தபோது, மலை சுற்ற வந்தவர்கள் வெறுங்காலோடு வந்து பம்பைப் பிடித்தார்கள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு அரோகரா.

“உருண்டையா ஆய்டுச்சுடா தம்பி, கெளம்பு. அங்க கயிறு கட்றாங்க பாரு,” என்றார் அக்கா.

தட்டினேன். ‘தொப்’பென்றது.

“இன்னும் கம்மிதான்க்கா. இப்படியே போனா பாரத்துல மடங்கி, சூடேறி, ஊருக்குள்ள வெடிக்கும்.”

“நீ தட்டிக்கினே இரு. என் கரும்பு சக்கையா ஆவட்டும்!”

நான் அசையவில்லை. பக்கத்து டயரைத் தட்டுவேன், இதைத் தட்டுவேன், மறுபடி அடிக்கச் சொல்வேன். இரண்டும் ஒரே குரலில் ‘டங்’ என்ற பிறகுதான் ஜாக்கியை இறக்கினேன். அதற்குள் கயிறு கட்டியாகிவிட்டது. போலீஸ்காரர் என் கறுத்த கையைப் பார்த்தார், கரும்பைப் பார்த்தார், கயிற்றை அவிழ்த்துத் தரையில் போட்டார்.

“நீதான் கடைசி. போ!”

உருட்டிக்கொண்டே ஊரைத் தாண்டினேன். வேங்கிக்காலில் நிறுத்தியதும் எனக்கு முன்னால் அக்கா குதித்து இறங்கி டயரில் உள்ளங்கையை வைத்தார்.

“சுடுதாக்கா?”

“கொழந்த நெத்தியாட்டம் வெதுவெதுன்னு இருக்குது. நீ ஓட்டு.”

அப்புறம் நிறுத்திய இடமெல்லாம் தொட்டுப் பார்த்தது அவர்தான். பொழுது சாயும் நேரம் ஆலை வாசலில் நின்றோம். அக்கா பாரத்திலிருந்து ஒரு கரும்பை உருவி, முறித்துக் கடித்தார். சாறு முழங்கை வரைக்கும் வழிந்தது.

“ஒரு சொட்டும் வத்தலடா,” என்று மீதியை என்னிடம் நீட்டினார்.