கப்பலேறிப் போன நோய்

டொக், டொக் என்று அடுக்களையிலிருந்து சத்தம் வந்தது.

முன் அறையில் மேசைமேல் குனிந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்த சிவகுருநாதன் பென்சிலை நிறுத்தினார். இரும்பில் இரும்பு விழும் ஒலி. பல் போனவர்கள் வெற்றிலையையும் பாக்கையும் இடித்து வாயில் போட்டுக்கொள்ளக் கைக்கடக்கமாக ஓர் உரல் வைத்திருப்பார்கள். பாக்குரல் என்று பெயர். அந்த வீட்டில் பாக்குரல் கிடையாது. அவர் மனைவி தவமணி கரும்பைப் பல்லால் உரித்துத் தின்னக்கூடியவள். அவள் எதற்காக இடிக்க வேண்டும்?

சத்தம் நின்றது. பிறகு, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல மெதுவாக மறுபடி தொடங்கியது.

ஜப்பான்காரன் பினாங்கைப் பிடித்து இரண்டாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது. தெருக்கோடியில் காவல் நிற்கும் சிப்பாய்க்கு இடுப்பு வளைத்துக் கும்பிடு போட்டுவிட்டுத்தான் சிவகுருநாதன் தினமும் வேலைக்குப் போவார். அலுவலகக் கடிகாரம் தோக்கியோ நேரம் காட்டியது. டத்தோ கிராமாட் சாலைப் பக்கத்து வாடகை வீட்டின் சுவர்க் கடிகாரத்தை மட்டும் அவர் தொடவில்லை. அது பழைய நேரத்தையே காட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சிறிய பிடிவாதத்தில் அவருக்கு ஒரு நிம்மதி.

யாழ்ப்பாணத்திலிருந்து இருபது வயதில் வந்தவர். சுகாதார அலுவலகத்தில் கிளார்க்காகச் சேர்ந்து, தலை நரைக்கும்வரை ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய வேலை நோய்களை எண்ணுவது. வெறுமனே எண்ணினால் போதாது. ஜார்ஜ் டவுனில் ஆயிரக்கணக்கான வீடுகள். தாசேக் கெலுகோரில் ரப்பர்த் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள் கொஞ்சம்தான். இரண்டு இடத்திலும் பத்துப் பேருக்கு ஒரு நோய் வந்தால் இரண்டும் ஒன்றாகுமா? ஆகாது. அதனால் பத்தாயிரம் பேருக்கு எத்தனை பேர் என்று வகுத்து, ஊரை ஊரோடும் வருஷத்தை வருஷத்தோடும் ஒப்பிட வேண்டும். அதில் அவருக்கு ஒரு சுகம் இருந்தது. கோயிலில் தேவாரம் பாடும்போது சிலருக்கு முகம் மலருமே, வகுத்த விடை சரியாக வந்தால் அவருக்கு அப்படி மலரும்.

அன்று மேசையில் இருந்தது வாய்ப் புற்றுநோய்க் கணக்கு. வெள்ளைக்கார டாக்டர்கள் போனபின் பெரிய ஆஸ்பத்திரியில் அறுவைப் பிரிவைத் தனியாகச் சுமந்துகொண்டிருந்த டாக்டர் விஸ்வலிங்கம் கேட்டிருந்தார். சண்டைக்கு முந்திய பன்னிரண்டு வருஷத்தில் இந்த நோய் கடலுக்கு அக்கரையில் தாசேக் கெலுகோர், ஜுரு பக்கத்துத் தோட்டங்களில்தான் அதிகம். நகரத்தில் குறைவு, அதிலும் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் ஒரே ஓர் ஆள். இப்போது தலைகீழ். தோட்டத்திலிருந்து வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். அது புரிந்தது: ஆண்களைச் சயாம் ரயில் பாதை போட ஜப்பான்காரன் அள்ளிக்கொண்டு போய்விட்டான், மிச்சமிருப்பவர்கள் கடலைத் தாண்டி ஆஸ்பத்திரிக்கு வருவதே பெரும்பாடு. ஆனால் நகரத்து யாழ்ப்பாணத்தாரிடம் மட்டும் நோய் திடீரென்று ஏறுவானேன்? சிவகுருநாதன் யோசித்து, அரிசி இல்லாமல் மரவள்ளிக் கிழங்கு தின்பதால் என்று தாளின் ஓரத்தில் எழுதிவைத்திருந்தார்.

எழுதியதில் அவருக்குத் திருப்திதான். அடுக்களைச் சத்தம்தான் அதைக் கெடுத்தது.

அவர் எழுந்து போனபோது தவமணி உரலை முந்தானைக்குள் மறைத்தாள். எதிர்வீட்டுச் சற்குணத்திடம் இரவல் வாங்கியதாகச் சொன்னாள். அவளுடைய செத்துப்போன மாமியாரின் உரலாம், சும்மா கிடந்ததாம். ஏன் என்று கேட்டதற்கு இடது கன்னத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

"வாயைத் திறவும்," என்றார்.

"ஒண்டும் இல்லையப்பா. புண். வெயில் சூடு."

"திறவும் தவமணி."

ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தார். இடது கன்னத்தின் உட்புறம், அவள் எப்போதும் வெற்றிலையையும் புகையிலையையும் அடக்கி வைக்கும் இடத்தில், வெள்ளை படர்ந்து, நடுவே துவரம்பருப்பு அளவு சிவந்த புண். எத்தனை நாளாக என்றார். சித்திரைப் புதுவருஷத்துக்கு முந்தியே என்றாள். இப்போது ஆவணி நடந்துகொண்டிருந்தது.

அந்த நோயின் பெயரை அவர் நூற்றுக்கணக்கான தடவை எழுதியிருக்கிறார். ஒரு தடவைகூடக் கண்ணால் பார்த்ததில்லை. இப்போது பார்த்தார், தன் வீட்டில், தன் கைக்குள் நடுங்கும் ஒரு முகத்தில். அப்படியே அம்மிக்கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார். இருபத்தைந்து வருஷம் சேர்ந்து வாழ்ந்த இரண்டு பேரும் சற்று நேரம் ஒருவரையொருவர் பார்க்கவே பயந்தார்கள்.

பிறகு, மூழ்குகிறவன் பலகையைப் பிடிப்பதுபோல, அவர் ஓடிப்போய் அந்தத் தாளை எடுத்துவந்தார்.

"இது எங்கட சனத்துக்கு வாற வருத்தம் இல்லை. பன்னிரண்டு வருசத்தில ஒரே ஒரு ஆள். நான் என்ர கையால போட்ட கணக்கு. உமக்கு இது வெறும் வாய்ப்புண்."

தவமணி தாளை வாங்கினாள். அவளுக்கு ஆங்கில எழுத்துத் தெரியாது, எண்கள் தெரியும். அந்த ஒன்றை வெகுநேரம் பார்த்தாள்.

"இதில பொன்னம்மாக்கா இல்லையே?"

"எந்தப் பொன்னம்மா?"

"ஸ்டேஷன் மாஸ்டர்ட பெண்சாதி. கன்னத்தில துணி கட்டிக்கொண்டு கப்பலேறினவ."

"அவ பல்லு வருத்தம் எண்டு ஊருக்குப் போனவ."

"பல்லு வருத்தத்துக்கு ஆராவது கொழும்புக் கப்பல் ஏறுவினமே?"

சிவகுருநாதன் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

அதன்பின் தவமணி சொன்னதெல்லாம் அவள் வருஷக்கணக்காக நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்தவை. ஊருக்குக் கப்பலேறும் யாழ்ப்பாணத்துக் குடும்பம் எதுவானாலும் வழிக்குப் புட்டும் பொரிவிளங்காயும் கட்டிக்கொடுத்து, ஜெட்டிவரை போய் வழியனுப்புகிறவள் அவள்தான். அவர்களில் பலர் பயணத்துக்கு முதல்நாள் அவளைத் தனியே கூப்பிட்டு வாயைத் திறந்து காட்டியிருக்கிறார்கள். வெளியே தெரிந்தால் பெண்பிள்ளைகளுக்குச் சம்பந்தம் வராது என்று அழுது, நல்லூர்க் கந்தன்மேல் சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். ஒருவர் மூலவருத்தம் என்று சொல்லிப் போனார். இன்னொருத்தி தங்கையின் பிள்ளைப்பேறு என்று போனாள். பினாங்கு ஆஸ்பத்திரி வாசலை ஒருவர்கூட மிதிக்கவில்லை. தவமணி ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல, அவளுடைய இரண்டு கை விரல்களும் போதாமல் போயின.

பினாங்கில் அவருடைய சனத்துக்கு நோய் இல்லாமல் இருக்கவில்லை. நோய் கப்பலேறிப் போய்க்கொண்டிருந்தது. சண்டை வந்து கப்பல் நின்றதும் அது இறங்க இடமில்லாமல் இங்கேயே தங்கிவிட்டது. மரவள்ளிக் கிழங்கின்மேல் ஒரு பாவமும் இல்லை.

"நானும் அப்பிடித்தான் இருந்தன்," என்றாள் தவமணி. குரல் உடைந்தது. "சண்டை முடிஞ்சு முதல் கப்பல் விட்டதும் போவம் எண்டு. அங்க அக்கா இருக்கிறா. உங்களுக்குச் சொல்லாமல் போயிடலாம் எண்டு."

எனக்கு என்ன காரணம் சொல்லியிருப்பீர் என்று அவர் கேட்டார். பல்வலி என்றாள். அழுகைக்கு நடுவே இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சிரிப்பு அடங்கியதும் அவர் தாளைக் கீழே வைத்தார். வாழ்நாளெல்லாம் ஊரை ஊரோடு ஒப்பிட்டவர் இப்போது வேறொன்றை ஒப்பிட்டார்.

"நீர் வழியனுப்பின ஆட்களில திரும்பி வந்தவை எத்தினை பேர்?"

தவமணி தலையைக் குனிந்துகொண்டாள். அதற்கு அவளுக்கு ஒரு விரலும் தேவைப்படவில்லை.

ஆனாலும் கத்தி என்றதும் அவள் மிரண்டாள். வெட்டினால் பரவும், கந்தனிடம் போய்ச் சேருவதென்றால் ஊரிலேயே சேருகிறேன் என்று அன்று முழுக்கப் பிடிவாதம் பிடித்தாள். அவர் கெஞ்சினார், கோபித்தார், சாப்பிடாமல் படுத்தார். ஒன்றும் நடக்கவில்லை.

மறுநாள் காலை வாசலில் நவமணி வந்து நின்றாள். தாசேக் கெலுகோர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவள். தோட்ட வேலை நின்றபின் கிழங்கும் கீரையும் சாக்கில் கட்டி, ஃபெரி ஏறி வந்து வீடு வீடாக விற்றுப் பிழைத்தாள். ஒரு வருஷத்துக்கு மேலாக இந்த வீட்டுக்கு வந்துபோகிறாள். தாளில் தாசேக் கெலுகோர் என்று இருந்த பெரிய எண்ணுக்குள் இவளைப்போல யாராவது இருப்பார்களா என்ற நினைப்பு சிவகுருநாதனுக்கு அன்றுதான் வந்தது. தயங்கித் தயங்கி, உங்கள் தோட்டத்தில் வாயில் புண் வந்தவர்கள் உண்டா என்று கேட்டார்.

நவமணி சாக்கை இறக்கி வைத்தாள். விரலைக் கன்னத்துக்குள் விட்டு அகல இழுத்துக் காட்டினாள். உள்ளே ஒரு வெள்ளைத் தழும்பு.

"எனக்கே வந்துச்சு தொர. சண்டைக்கு மூணு வருசம் முன்னாடி. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸரு மாசாமாசம் எல்லாரு வாயயும் தொறக்கச் சொல்வாரு. எங்கள எங்க விட்டாரு, லாரியில ஏத்திக் கொண்டாந்து போட்டாருலா. டாக்டரு வெட்டி எடுத்தாரு. ஒரு மாசம் கஞ்சி."

"பேந்து?" தவமணிதான் கேட்டாள்.

"அப்புறம் என்னாக்கா? கெழங்கு விக்கிறேன்." தவமணியின் கன்னத்தில் இருந்த கையைப் பார்த்துவிட்டு அவள் குரலைத் தாழ்த்தினாள். "என்கூட லாரியில வந்தது நாலு பேரு. லேட்டா வந்த ஒருத்திதான் போயிட்டா. மத்தவளுங்க இன்னும் எங்கூடச் சண்டை போட்டுக்கிட்டுத்தான் இருக்காளுங்க. பயப்படாதீங்கக்கா."

எத்தனை நோய் இருந்தது என்பதை மட்டும் பார்த்து அந்தத் தோட்டத்துக்காக இரங்கியவர் சிவகுருநாதன். எண் பெரிதாக இருந்த இடத்தில் பெண்கள் உயிரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். எண் சிறிதாக இருந்த இடத்தில்தான் யாரும் திரும்பி வரவில்லை.

தவமணி எழுந்துபோய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள்.

டாக்டர் விஸ்வலிங்கம் சிவகுருநாதனைவிட வயதில் சிறியவர்; அண்ணை என்றுதான் கூப்பிடுவார். புண்ணை அழுத்திப் பார்த்து, கழுத்தைத் தடவிப் பார்த்து, கட்டி இன்னும் கழுத்துக்கு இறங்கவில்லை, ஆனால் காத்திருக்கவும் கூடாது என்றார். நூல் குறைவு, மயக்க மருந்து குறைவு. இருந்தும் அந்த வாரமே செய்தார். அறுவை அறைக்கு வெளியே மரப் பெஞ்சியில் உட்கார்ந்திருந்த சிவகுருநாதனுக்கு ஒரு கணக்கும் ஓடவில்லை. பத்தாயிரத்தில் எத்தனை என்று வகுத்த மூளை, ஒன்றில் ஒன்றைத் தாண்டி நகர மறுத்தது. அவருக்கு இருந்தது அந்த ஒன்றுதான்.

கதவு திறந்தது. சுற்றிலும் நல்ல சதையோடு சேர்த்து எடுத்துவிட்டேன் அண்ணை, அக்கா தப்பிவிட்டா என்று டாக்டர் சொன்னார். சிவகுருநாதன் எழுந்து, சிப்பாய்க்குப் போடும் கும்பிட்டைவிட ஆழமாகக் குனிந்தார். இந்தத் தடவை யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை.

கஞ்சிக்கு அரிசி எங்கிருந்தோ நவமணி கொண்டுவந்தாள். எங்கிருந்து என்று கேட்கக் கூடாது என்பது அந்தக் காலத்து மரியாதை. சிவகுருநாதனே அடுப்பூதிக் காய்ச்சி, ஆற்றி, கரண்டியால் ஊட்டினார். உப்புக் கூடியதாகத் தவமணி கண்ணாலேயே சண்டை பிடித்தாள். வெற்றிலையும் புகையிலையும் வீட்டைவிட்டுப் போயின. அவர் தாளின் ஓரத்தில் மரவள்ளியை அடித்துவிட்டு, கப்பல் நின்றுவிட்டது என்று எழுதினார். டாக்டர் அதைப் படித்துக் காரணம் கேட்டார். பிறகு சொன்னார்:

"இனி டவுனில உங்கட எண் ஏறினால் பயப்படாதேங்கோ அண்ணை. ஒளிச்சிருக்கிற ஆட்கள் வெளியில வருகினம் எண்டு நினையுங்கோ."

எண் ஏறியது. தவமணி செய்துகொடுத்த சத்தியங்களை மீறிப் பெயர் சொல்லவில்லை. கோயிலில், ரேஷன் வரிசையில், பசாரில், தன் கன்னத்தைத்தான் திறந்து காட்டினாள். ஒரு கிளார்க்கின் மனைவிக்கு வெட்கமில்லையா என்று சிலர் பேசினார்கள். பேசியவர்களில் இருவர் பின்னால் அவளையே துணைக்கு அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

மாசி மாதத்தில் ஒரு மாலை, எதிர்வீட்டுச் சற்குணம் படியேறி வந்தாள். வெகுநேரம் அரிசி விலையைப் பேசினாள். பிறகு பாக்குரலைத் திருப்பி வாங்கிக்கொண்டு போக வந்ததாகச் சொன்னாள்.

தவமணி உரலை எடுத்துவந்தாள். ஆனால் கொடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள். சற்குணத்துக்கு முப்பத்தெட்டு வயது. பாக்கைக் கடித்தால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும்.

"உமக்குப் பல்லெல்லாம் இருக்குத்தானே, சற்குணம்?"

சற்குணம் முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. கப்பல் எப்போது விடுவான் என்று உங்கள் வீட்டுக்காரருக்கு ஏதாவது தெரியுமா அக்கா என்று கேட்டாள்.

தவமணி அவளை அணைத்துக்கொண்டாள். முன் அறையில் சிவகுருநாதன் நாற்காலியைச் சத்தமில்லாமல் ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, கேட்காததுபோல் இருந்தார். தன் கன்னத்தைக் காட்டி, சற்குணத்தின் கன்னத்தைப் பார்த்து, கண்ணைத் துடைத்துவிட்டு, காலையில் டாக்டர் வந்ததும் போவோம் என்று தவமணி முடித்தாள்.

"நான் வருவன் உம்மோட. புட்டுக் கட்டத் தேவையில்லை, பக்கத்திலதானே."

சற்குணம் ஈரக் கண்ணோடு சிரித்தாள். உரலைக் கேட்காமலேயே படியிறங்கித் தன் வீட்டுக்குப் போனாள். அவள் உள்ளே போகும்வரை பார்த்து நின்ற தவமணி, இனி மிளகு இடிக்க ஆகட்டும் என்று உரலை அடுக்களையில் மிளகு டப்பாவுக்குப் பக்கத்தில் வைக்கக் கையில் எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்தினாள்.